மாமியார் கும்பிடுகிறார், மகள் நடுங்குகிறாள்!

கேள்வி: கூட்டுக் குடும்பம் எங்களுடையது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யூடியூபில் பழைய 'விடாது கருப்பு' தொடரைப் போட்டுப் பார்க்கிறோம். குதிரை வந்தாலே மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிக்கிறான். சின்ன வயதிலேயே இதைப் பார்த்துவிட்ட என் கணவர், "சாமியும் இல்லை, ஒண்ணும் இல்லை, எல்லாம் ஆள் செய்யற வேலை" என்று போட்டு உடைத்துவிட்டார். மாமியார் அவரோடு பேசுவதில்லை. ஐந்தாவது படிக்கும் மகள் தனியாக பாத்ரூம் போக மறுக்கிறாள். தொடரை நிறுத்திவிடவா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: தொடரை நிறுத்த வேண்டாம். ராத்திரியில் பார்ப்பதை நிறுத்துங்கள், போதும்.

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய இந்தத் தொடர், 1990களில் சன் டிவியில் வாரம் ஒரு பகுதியாக வந்தது. ஊரில் தப்பு செய்கிறவர்களைத் தண்டிப்பது கருப்பசாமியா, மனுஷனா என்பதுதான் கதையே. அன்றைக்கும் வீட்டுக்கு வீடு இதே சண்டைதான். ஆனால் ஒரு வாரம் பேசிப் பேசியே பயம் தெளிந்துவிடும். நீங்கள் வரிசையாக நாலு பகுதி பார்த்துவிட்டு விளக்கை அணைத்துப் படுக்கிறீர்கள். பிள்ளை என்ன செய்வாள்?

அவளுக்கு எது பயம் என்று கேட்டீர்களா? நாலைந்து வயதுக் குழந்தை முகமூடியைப் பார்த்து மிரளும். பத்து வயதில் 'இது நம் வீட்டிலும் நடக்குமோ' என்ற பயம்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். அப்பா ஆறுதலாக நினைத்துச் சொன்னதை அவள் எப்படிக் கேட்டிருப்பாள்? சாமி இல்லையென்றால், கொலை செய்தவர் ஊரில் பழகிய யாரோ ஒருவர். சாமியைவிட அதுதானே பயங்கரம்!

உங்கள் ஊர் சிரசுத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி முதல் நாள் முத்தாலம்மன் கோயிலிலிருந்து கெங்கையம்மன் சிரசு புறப்படுகிறது. வெட்டுண்ட தலைதான் ஊர்வலம் போகிறது. பிள்ளைகள் அப்பா தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள், யாரும் அலறுவதில்லை. சுற்றிலும் கூட்டம், மேளம், தேங்காய் உடைக்கிற சத்தம். கோபாலபுரம் கோயிலுக்குப் போனதும் தலை உடலோடு சேர்ந்துவிடும் என்பதும் தெரியும். மகன் பரசுராமன் தலையை வெட்டிய ரேணுகாதான் இந்த அம்மன் என்ற கதையைப் பாட்டி எப்போதோ சொல்லியிருப்பார்.

கருப்பு கதையையும் பாட்டியே சொல்லட்டும், பகலில். அவருக்குக் கருப்பு கொலைகாரர் இல்லை, குதிரையேறி ஊரைச் சுற்றி வருகிற காவல்காரர். அந்தக் கருப்பு உங்கள் மகளுக்கு அறிமுகமானால், குளம்புச் சத்தம் கேட்கும்போது கொஞ்சம் தைரியம்கூட வரலாம். ஒன்று மட்டும் கவனம்: "சாப்பிடலைன்னா கருப்பு வந்துடுவாரு" என்று வீட்டில் யாரும் மிரட்டக் கூடாது.

மாமியாரை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வடஆற்காட்டுப் பக்கம் பாரதக் கூத்தில் துரியோதனன் விழப்போவது எல்லோருக்கும் தெரியும். வேஷம் கட்டியவர் எந்தத் தெரு என்பதும் தெரியும். தெரிந்தே விடிய விடிய உட்கார்ந்து, அவன் விழுகிற படுகளத்தன்று அழுகிறார்கள். உங்கள் மாமியார் பார்ப்பதும் அப்படித்தான். முடிவு தெரிந்துவிட்டதே என்ற வருத்தமாக இருக்காது, எல்லார் எதிரிலும் மகன் தன் கும்பிடைக் கேலி செய்துவிட்டானே என்ற வருத்தமாக இருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் உங்கள் கணவர், நடுவில் நீங்கள் தூது போகாதீர்கள்.

மகன் கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிக்கட்டும், தங்கையைப் பார்த்து வேண்டாம். ரிமோட்டை அவனிடம் கொடுத்து, பயமான இடத்தில் சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. அடுத்து ஓடிடியில் புதுத் தொடர் ஏதாவது போட்டால், தொடக்கத்தில் யு/ஏ 13+, யு/ஏ 16+ என்று வயதுக் குறியீடு வருவதைப் பாருங்கள். அவை உங்கள் மகளுக்கு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கத்தில் எழுந்து அழுவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று சில வாரம் நீடித்தால், மந்திரிக்க அழைத்துப் போவதோடு விட்டுவிடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.