சையம் எந்த மலை? தமிழ் சேரிடம் கேட்டவை

பழைய பாட்டுகளில் வரும் ‘சையம்’ என்ற மலைப்பெயரைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பதில்கள்.

சேர், சையம் தனி மலையா, மலைத்தொடரா? (கல்லடி)

தொடர்தான். இன்று மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோமே, அது. வடமொழியில் சஹ்ய; தமிழில் சையம் ஆனது. வேர் ‘பொறுத்தல்’. நாம் சகிப்பு என்கிறோமே, அதே வேர்.

புராணங்கள் ஏழு குலமலைகளைச் சொல்லும்: மகேந்திரம், மலயம், சஹ்யம், சுக்திமான், ருக்ஷம், விந்தியம், பாரியாத்திரம். இதில் மலயத்தையும் சஹ்யத்தையும் கவனியுங்கள். நாம் வரைபடத்தில் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே தொடராகப் பார்ப்பதை அவர்கள் இரண்டாக வைத்தார்கள். வடக்குப் பக்கம் சஹ்யம், தென்முனை மலயம். அகத்தியரின் பொதிகை மலயத்தோடு சேரும், சையத்தோடு அல்ல. இதை எத்தனை பேர் மாற்றி எழுதுகிறார்கள் தெரியுமா!

தமிழ்ப் புலவர்களுக்கு மராட்டியப் பக்கத்து மலையால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவர்கள் சையம் என்றால் பெரும்பாலும் காவிரி பிறக்கிற குடகுப் பக்கம்தான். அகத்தியரின் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்த கதையைக் கந்தபுராணப் படிப்பில் கேட்டிருப்பீர்கள். பாட்டில் சையம் வந்தால் முன்பின் வரிகளில் காவிரி ஓடுகிறதா என்று பாருங்கள்.

சோதினையில் ‘சகியாத்திரி மலை’ என்று எழுதலாமா சேர்? (கல்முனை, உயர்தர மாணவி)

வேண்டாம் மகள். அத்திரி என்றாலே மலை. சகியாத்திரி என்று நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சைய மலை என்று எழுதுங்கள்.

எங்கட ஊரில் செய்யது என்று பெயருள்ளவர்கள் நிறையப் பேர். சையத்தோடு தொடர்பு உண்டா? (காத்தான்குடி)

இல்லை தம்பி. செய்யது அரபுச் சொல், தலைவர் என்று பொருள். ஓசைதான் கிட்ட வருகிறது.

மகளுக்கு சஹ்யா என்று பெயர் வைக்கலாமா? எண் பொருந்துமா? (செங்கலடி)

வைக்கலாம். எண் எனக்குத் தெரியாத பாடம்.

குடமலையும் சையமும் ஒன்றா? (அக்கரைப்பற்று)

நல்ல கேள்வி. குட என்றால் மேற்கு, குண என்றால் கிழக்கு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த பொருள்களைச் சொல்லும்போது குடமலைப் பிறந்த சந்தனமும் அகிலும் என்கிறது. குணகடல் பவளமும் வருகிறது, ஈழத்து உணவும் வருகிறது. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கத்தை நாம் படுவான்கரை என்கிறோம், பொழுது படுகிற பக்கம் என்பதால். குடமலை என்பதும் அப்படித்தான்: கிழக்கே சோழநாட்டில் நின்றவன் மேற்கே பார்த்து வைத்த பெயர். மலையாளக் கரையில் நிற்பவனுக்கு அதே மலை கிழக்கில் இருக்கும். சையம் யார் எங்கே நின்று சொன்னாலும் சையம்தான். மலை ஒன்று, பெயரின் குணம் வேறு.

அப்படியென்றால் குடும்பிமலையும் குடமலையும்...? (வாழைச்சேனை)

இல்லவே இல்லை. குடும்பிமலை நம் மட்டக்களப்பில், கிரான் பக்கம் இருக்கிற மலை. குடும்பி என்றால் தலைமுடிக் கொண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

பிழை சேர். தொப்பிகல என்பதுதான் மூலப்பெயர், குடும்பிமலை அதன் மொழிபெயர்ப்பு. (அம்பாறை)

தொப்பியை மொழிபெயர்த்தால் குடும்பி எப்படி வரும் தம்பி? தொப்பிக்கல் என்றல்லவா வரும்? இங்கிலீசுக்காரர் அதைப் பிரபுவின் தொப்பி என்றார்கள், சிங்களத்தில் தொப்பிக் கல், நம்மவர்களுக்குக் கொண்டை. எந்தப் பெயர் முந்தியது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பதற்குக் குடும்பி என்ற சொல்லே எதிர்ச்சாட்சி, அவ்வளவுதான்.

அப்போ பேப்பரெல்லாம் ஏன் தொப்பிகல என்று எழுதின? (வாழைச்சேனை)

2007 யூலையில் இராணுவம் அந்தப் பகுதியைப் பிடித்தபோது செய்தி முழுக்க அந்தப் பெயரில்தான் போனது. தமிழில் எழுதியவர்களிலும் சிலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிரான் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், குடும்பிமலைதான். அம்பாறைத் தம்பி இதற்கும் மறுப்பு அனுப்பியிருக்கிறார், மூன்று பக்கம்! வாசித்தேன். கொண்டையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மகனுக்கு சையன் என்று...

செங்கலடிக்குச் சொன்னதுதான்.

பொதிகை சையத்தில் உள்ள மலைதானே சேர்? (ஏறாவூர்)

மலயம். மலயம். முதல் பதிலை வாசியுங்கள்.

மலயமும் நம்முடைய மலையகமும் ஒரே சொல்லா? (களுவாஞ்சிக்குடி)

மலை என்ற தமிழ்ச் சொல்லே வடமொழியில் மலயம் ஆனது என்பது பரவலான கருத்து. இலங்கையின் நடுமலைநாட்டையும் பாளி நூல்கள் மலய என்றே சொல்கின்றன. மலையகம் நம் காலத்து வழக்கு, ஆனால் அடிச்சொல் ஒன்றுதான்.

குடும்பிமலையில் ஏற எந்த வழியால் போகலாம்? (கல்லடி)

கிரான் பக்கத்தால். யானை நடமாடுகிற காடு, தனியாகப் போகவேண்டாம். மிச்சத்தை அந்த ஊர் ஆட்களிடம் கேளுங்கள் தம்பி, நான் சொல்லுக்கு மட்டும்தான் வழிகாட்டி.