'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று திரும்பி வந்த மானிய விண்ணப்பம்

விண்ணப்பத்தோடு வைத்த, குடியிருப்போரின் கையெழுத்துப் பட்டியலை எடுத்துவிட்டு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன குற்றம் நடக்கிறது என்று ஒரு பக்கக் கணக்கை வையுங்கள். உங்கள் குடியிருப்போர் சங்கம் மானியம் கேட்ட கண்காணிப்பு கேமரா திட்டத்தை, மானியம் தருபவர்கள் 'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று திருப்பியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் தேடியது அதைத்தான்.

நீங்கள் வாங்க நினைக்கும் பொருளை எழுதியிருக்கிறீர்கள், பிரச்சினையை எழுதவில்லை என்று நினைக்கிறேன். விண்ணப்பத்தில் 'கேமரா' என்று வரும் வரிகளையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் காரணம் அதுவேதான்.

குற்றம் எங்கேயும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைப் பற்றி 1989-இல் வெளியான ஆய்வில், போலீசுக்குப் போன அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத இடங்களிலிருந்தே வந்திருந்தன. அதனால் 'எங்கள் பகுதி முழுவதும்' வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தின் பின்வாசல், இரவு 10 மணிக்கு மேல், பைக் திருட்டு என்று சுருக்குங்கள். கேமராவே வேண்டாம், ஒரு விளக்கும் நல்ல பூட்டும் போதும் என்றுகூடத் தெரியவரலாம்.

ஒன்று மட்டும் கவனம்: 'புகார்கள் பாதியாகக் குறையும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புகார் கொடுத்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை வந்தால் மக்கள் கூடுதலாகப் புகார் கொடுப்பார்கள், எண்ணிக்கை ஏறக்கூடும். அப்புறம், அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் எதையும் வாங்கிவிடாதீர்கள். அந்த பில்லுக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள்.