பதில்: வேர்ப்பூஞ்சை குளோமஸ்தானா?

மக்காச்சோள வேரில் கண்ட வேர்ப்பூஞ்சையை (வேருக்குள் கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை) குளோமஸ் என்ற பேரினமாக எழுதலாமா, பழைய பாடநூல்படி சைகோமைகோட்டா என்ற பூஞ்சைத் தொகுதியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சைகோமைகோட்டா வேண்டாம். 2001இல் ஷூஸ்லர், ஷ்வார்ஸாட், வாக்கர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டு, இவ்வகை வேர்ப்பூஞ்சைகளுக்குக் குளோமிரோமைகோட்டா என்று தனித் தொகுதியே வகுத்துவிட்டார்கள். (2016 முதல் சிலர் இதை மியூகோரோமைகோட்டாவுக்குள் துணைத்தொகுதியாக வைக்கிறார்கள், எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஆய்வேட்டில் குறிப்பிட்டால் போதும்.)

பேரினம்தான் உண்மையான சிக்கல். டிரிப்பான் நீலச் சாயமேற்றிய வேரை மட்டும் வைத்துக் குளோமஸ் என்று எழுதவே கூடாது. வேருக்குள்ளே வெசிக்கிள் (பூஞ்சை இழையில் உப்பிய சேமிப்புப் பை) இருந்தால் அது ஜிகாஸ்போரா என்ற பேரினம் இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரே வேரில் பல இனங்கள் கலந்தும் இருக்கும். வேரடி மண்ணைச் சல்லடையில் நீர்விட்டு அலசி ஸ்போர்களை (பூஞ்சை வித்துகளை) பிரித்தெடுங்கள். ஸ்போரின் சுவர் அடுக்குகள், அதோடு இழை இணையும் விதம், மெல்சர் கரைசலில் (அயோடின் கலந்த சோதனைக் கரைசல்) நிறமாற்றம் ஆகியவற்றைப் பாருங்கள். நூலில் குளோமஸ் மோசியே என்றிருக்கும் இனத்தின் பெயர் 2010 முதல் ஃபனெலிஃபார்மிஸ் மோசியே.