சாப்பிடலாம், சுவாசிக்கலாமா?

கேள்வி: வேப் எனும் மின்சிகரெட்டில் சூடாகி ஆவியாகிற திரவத்தில் இருப்பவை கேக்கிலும் மிட்டாயிலும் சேர்க்கிற அதே ஃபிளேவர்கள்தானாமே. அவை நுரையீரலை மட்டும் எப்படிக் கெடுக்கும்?

பதில்: உணவில் சேர்க்கலாம் என்ற அனுமதி வயிற்றை மனதில் வைத்துத் தரப்பட்டது. விழுங்கியதைச் சிதைக்க அமிலம் இருக்கிறது, நஞ்சை முறிக்கக் கல்லீரல் இருக்கிறது. மூச்சோடு போவதற்கு அந்தக் காவல் இல்லை. ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத காற்று நுண்ணறைச் சுவரில் நேரே போய்ப் படிகிறது.

வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலைப் பாருங்கள். அது கலந்த பாப்கார்னைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தயாரித்த ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத்தான் மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறிச் சுருங்கின. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 8 பேரிடம் இது 2000-ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தழும்பு மருந்தால் மறையாது. டைஅசிட்டைலுக்கு மாற்றாக வந்த 2,3-பென்டேன்டையோன் அமைப்பில் அதற்குத் தம்பி முறை. விலங்குச் சோதனைகளில் அதுவும் சிறுகுழல்களைப் புண்ணாக்கியது. ஆகவே ‘டைஅசிட்டைல் இல்லை’ என்ற லேபிளுக்கு அதிக மதிப்புத் தர வேண்டாம். ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: டைஅசிட்டைல் சிகரெட் புகையிலும் உண்டு, வேப் ஆவியைவிட அதிகமாகவே உண்டு.

இலவங்கப்பட்டை மணத்தின் சின்னமால்டிஹைடு வேறு வழியில் கெடுக்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களின் அசைவை அது மந்தமாக்குவது ஆய்வகச் செல் சோதனைகளில் தெரிந்தது. மென்தால் தொண்டையைக் குளிரவைத்து எரிச்சலை மறைப்பதால், பிடிப்பவர் இன்னும் ஆழமாக இழுக்கிறார்.

கேள்வி: வைட்டமின் ஈ தோலுக்கு நல்லது என்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் கெட்டு இறந்தார்களே, அவர்களைக் கொன்றது அதுதானா?

பதில்: வலுவான சந்தேகம் விழுந்தது அதன் ஒரு வடிவமான வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயின் மேல். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. கலந்த திரவத்தை, அதிலும் கள்ளச் சந்தைச் சரக்கை, நீர்க்கச் செய்த பிறகும் கெட்டியாகக் காட்ட இந்த எண்ணெயைச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் 2020 பிப்ரவரி நடுப்பகுதிவரை பதிவான பாதிப்பு 2,807. அதில் இறப்பு 68. 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 48 பேருடையதில் இந்த எண்ணெய் இருந்தது. ஒப்பிடப்பட்ட ஆரோக்கியமானவர்களிடம் இல்லை.

நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம். எண்ணெய் அதில் புகுந்தால் படலம் இளகி, நுண்ணறைகளைத் தாங்கும் வலுவை இழக்கும் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். சூட்டில் அந்த எண்ணெய் சிதைந்து கீட்டீன் என்ற நச்சு வாயு வரலாம் என்பது இன்னொன்று.

கேள்வி: சில நேரம் இழுத்தால் கருகல் சுவை வருகிறது. ஏன்?

பதில்: பஞ்சுத் திரி காய்ந்திருக்கும். திரவம் இருக்கும்வரை அது ஆவியாகி, காயில் என்ற சூடாக்கும் கம்பிச்சுருளின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கும். திரி வறண்டதும் சூடு எகிற, கிளிசரினிலிருந்து அக்ரோலின் பிறக்கிறது. எண்ணெய்ச் சட்டி கருகும்போது கண்ணை எரிக்கிறதே, அதே பொருள். ஃபார்மால்டிஹைடும் கூடவே வரும். இனிப்புக்குச் சேர்க்கிற சுக்ரலோஸ் காயிலில் கருப்பாகப் படிந்து இதை விரைவுபடுத்துகிறது. அடுத்தடுத்து இழுப்பதும் வாட்டேஜைக் கூட்டுவதும் திரியை வறளச் செய்யும். சுவை மாறியதும் நிறுத்த வேண்டும். இன்னொரு இழுப்பில் சரியாகிவிடாது.

கேள்வி: நிக்கோட்டின் இல்லாதது பாதுகாப்பானதுதானே?

பதில்: அடிமைப்படுத்தும் பொருள் இல்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன ஃபிளேவர்களின் கேடும் கருகலில் பிறக்கும் நச்சும் அதிலும் வரும்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பதில்: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலோடு காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வாந்தியும் பேதியும் முதலில் வந்து, வயிற்றுக் கோளாறு என்று ஏமாற்றுவதும் உண்டு. விரல் ஆக்சிமீட்டரில் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் என்ன பிடித்தீர்கள், டி.எச்.சி. இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் வேப்பால் வரும் நுரையீரல் பாதிப்பு நிமோனியா போலவே தெரியும். நீங்கள் சொன்னால்தான் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு தருவதா என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும். மீதித் திரவத்தைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டுபோங்கள்.