படித்த அப்பா பேச்சைக் கேட்பதில்லை. படிக்காத மாமியார் கேட்கிறார். ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொரோனா நேரத்தில் எங்களை விரட்டி விரட்டிக் கை கழுவ வைத்தவர். இந்த ஒரு வருடமாக, ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிட்டால் “பார்க்கலாம்” என்கிறார். இருமலோடு பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிடுகிறார். என் மாமியார் நான்காம் வகுப்போடு நின்றவர். ஆனால் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் செய்கிறார். புத்திக்கூர்மை உள்ளவர்கள்தான் சுகாதார விதிகளை அதிகம் பின்பற்றுவார்கள் என்று ஓர் ஆய்வு சொல்வதாகப் படித்தேன். என் தம்பி அதைக் காட்டி “அப்பாவுக்கு மூளை மழுங்கிவிட்டது” என்கிறான். அது உண்மையா?

பதில்: அப்படிச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. தம்பியின் முடிவைக் கொஞ்சம் ஒத்திவைப்போம்.

நீங்கள் படித்தது, 2020 மார்ச்சில் அமெரிக்காவில் 850 பேரிடம் செய்த ஆய்வாக இருக்கலாம். அங்கே கொரோனா பரவிய தொடக்க வாரங்கள் அவை. விலகி இருப்பதா, வழக்கம்போலக் கூடிப் பழகுவதா என்பது பெரும்பாலும் அவரவர் விருப்பமாக இருந்த நேரம். அதில் அளந்தது மொத்த அறிவை அல்ல, ‘ஒர்க்கிங் மெமரி’ என்ற ஒன்றை. போனில் வந்த ஓடிபி எண்ணைப் பார்த்துவிட்டு, வேறு திரைக்குப் போய்த் தட்டி முடிக்கும்வரை தலையில் பிடித்துவைக்கிறோமே, அந்தச் சின்ன இடம்தான் அது. மிகச் சின்ன இடம். நான்கைந்து விஷயங்களுக்கு மேல் அதில் நிற்காது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வழுக்கி வெளியே போய்விடும்.

இந்த இடம் சற்றுப் பெரிதாக இருந்தவர்கள் விலகி இருப்பதை அதிகம் கடைப்பிடித்தார்கள். படிப்பு, வருமானம், மனநிலை எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். நண்பன் வீட்டு விருந்து இன்று மாலை, கண்முன்னே இருக்கிறது. நோய் வந்தால் வருவது சில நாள் கழித்து. அதுவும் எனக்கு இல்லாமல் வேறு யாருக்கோ வரலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் நிறுத்தி எடை போட வேண்டும். இடம் போதாவிட்டால் விருந்துதான் ஜெயிக்கும்.

ஆனால் இது சராசரிக் கணக்கு. தொடர்பு இருக்கிறது, இரும்புச் சங்கிலி இல்லை. உங்கள் மாமியார் அந்தச் சராசரியைப் பொய்யாக்கவில்லை. அவரைப் பற்றி அது எதுவும் சொல்லவே இல்லை. நான்காம் வகுப்போடு நின்றது அவர் பள்ளிக்கூடம்தான். அவருடைய நினைவாற்றலை யாரும் அளந்து பார்க்கவில்லையே!

ஸ்காட்லாந்தில் 1932-இல், 11 வயதுப் பிள்ளைகள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். அந்தத் தாள்கள் பத்திரமாகக் கிடந்ததால், பிற்காலத்தில் அவர்களில் பலருடைய உடல்நலத்தோடு ஒப்பிட முடிந்தது. சிகரெட் விஷயத்தில் கிடைத்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. சிறுவயது மதிப்பெண்ணுக்கும் சிகரெட் பிடிக்கத் தொடங்கியதற்கும் தொடர்பே இல்லை. தொடர்பு இருந்தது, அதை விட்டதில்தான். அவர்கள் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் அதன் கேடு யாருக்கும் சரியாகத் தெரியாது. புத்திசாலியும் பிடித்தார், மற்றவரும் பிடித்தார். நுரையீரல் புற்றுநோய்த் தொடர்பு 1950-க்குப் பிறகுதான் தெளிவாக வெளிவந்தது. வித்தியாசம் அதற்கப்புறம் விழுந்ததுதான். செய்தியைக் கண்டுபிடித்து, புரிந்துகொண்டு, தனக்கும் அது பொருந்தும் என்று ஏற்று, பழக்கத்தை மாற்றுவது வரை ஒவ்வொரு படியிலும் தலைக்கு வேலை இருக்கிறது.

சரி, அந்தப் படிகளை நாமே குறைத்துவிட்டால்? ஸ்வீடனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கொரோனா தடுப்பூசி விவரங்களை ஆராய்ந்தார்கள். அறிவுத்திறன் மதிப்பெண் அதிகம் உள்ளவர்கள் சீக்கிரம் போட்டுக்கொண்டார்கள். இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அப்படியே. ஆனால் “உங்களுக்கு இந்தத் தேதி, இந்த நேரம்” என்று முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பப்பட்டவர்களிடையே அந்த இடைவெளி கிட்டத்தட்ட காணாமல் போனது. அவர்களுக்குப் புதிதாக அறிவு எதுவும் புகட்டவில்லை. இணையதளத்தைத் தேடுவது, தேதி தேர்வு செய்வது, ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது, இவ்வளவும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

டாக்டர்களான எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட கணக்கு. நான் அதைப் புத்தகத்தில் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவன்தான். ஒருநாள் வீடு திரும்பவிருந்த ஒருவரிடம் மாத்திரை, உப்பு, நடை, காயத்தைத் துடைப்பது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மறுபடி எப்போது வருவது என்று ஒரே மூச்சில் ஆறு விஷயம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “சரிங்க டாக்டர்” என்றார். கதவருகே போனவரைக் கூப்பிட்டு, “வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “உப்பைக் குறைக்கச் சொன்னீங்க, அப்புறம் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க” என்றார். இரண்டாவதை நான் சொல்லவே இல்லை. அவர் ஓர் அலுவலகத்தின் கணக்குகளையெல்லாம் பார்த்தவர். மூளைக்குக் குறை ஒன்றுமில்லை. குறை என் ஆறு விஷயத்தில்.

அறிவு மட்டும் இருந்தால் போதும் என்றால் 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார் இறப்பு மளமளவெனக் குறைந்தது. அப்படியும் பேர்பெற்ற டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. புத்திசாலிக்கு ஒரு கூடுதல் வசதி: செய்யாமல் இருப்பதற்கு நல்ல நல்ல காரணமாகக் கண்டுபிடிப்பார்.

இப்போது உங்கள் அப்பா. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது ‘இந்த ஒரு வருடமாக’ என்பதுதான். வாழ்நாள் முழுக்க எதையும் கேட்காதவர் இன்றும் கேட்கவில்லை என்றால் அது சுபாவம். எல்லோரையும் கை கழுவ வைத்தவர் மாறிவிட்டார் என்றால், காரணம் தேட வேண்டும். தம்பி சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதைத் தீர்ப்பாகச் சொல்லாமல் அறிகுறியாக எடுத்துக்கொண்டால்தான் பயன்.

முதலில், ஏன் வேண்டாம் என்கிறார் என்று சண்டை போடாமல் கேளுங்கள். “போன தடவை போட்டு மூன்று நாள் கை வலித்தது”, “அந்த மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது” என்று காரணம் சொன்னால் நல்லது. அது மருத்துவரிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். மாத்திரையை மாற்ற முடியும். காரணம் சொல்லத் தெரியாமல் “பார்க்கலாம்” என்று நழுவினால், வேறு சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே கதையை ஒரே நாளில் இரண்டு முறை சொல்கிறாரா? கட்டணம் கட்டத் தவறுகிறாரா? தெரிந்த வழியில் தடுமாறுகிறாரா? டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதா? கடைசிக் கேள்வி சும்மா கேட்டதல்ல. காது சரியாகக் கேட்காதவர், பாதி கேட்டதற்கு ‘சரி சரி’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். நாம் ஞாபக மறதி என்று நினைத்துக்கொள்வோம்.

ஞாபகமும் கவனமும் மங்குவதற்குச் சரிசெய்யக் கூடிய காரணங்கள் பல: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஆசிரியர்கள் ஓய்வுக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அழ மாட்டார்கள், எதிலும் ஆர்வம் இல்லாமல் இருப்பார்கள், அவ்வளவே. எதிலும் விடை கிடைக்காவிட்டால், மருத்துவர் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு நினைவாற்றல் சோதனை செய்து பார்ப்பார். அதை வீட்டில் தம்பி செய்ய வேண்டாம். கணக்கு வாத்தியாரிடம் “நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்” என்று மகன் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் அவசரம்: குழப்பம் திடீரென, மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அதுவரை, ஸ்வீடன் வழிதான். “ஊசி போட்டுக்கொள்ளுங்களேன்” என்று சொல்வதை நிறுத்துங்கள். நீங்களே தேதி வாங்கி, “வியாழன் பத்து மணிக்குப் போகிறோம், நான் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். மாத்திரையைக் கிழமை எழுதிய டப்பாவில் போட்டு, பல் துலக்கும் இடத்தில் வையுங்கள். இன்று போட்டாரா இல்லையா என்பதை டப்பா சொல்லும், நீங்கள் கேட்க வேண்டாம். இருமல் இருக்கும்போது குழந்தையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். மாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைக் கொடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அப்பா சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரை, சளிக்குக் குடிக்கும் சிரப், அலர்ஜி மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். “அதெல்லாம் மருந்தே இல்லை” என்று அப்பா மேசையிலேயே வைத்துவிட்டு வரப் பார்ப்பார். வயதானவர்களின் கவனத்தை மங்கவைப்பதில் அந்த மூன்றுக்கும் பங்கு உண்டு.