பால் தம்ளரும் இரும்புச்சத்துப் பாட்டிலும்: குழந்தை உணவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது, எடை 11 கிலோ. சோற்றைக் கண்டாலே ஓடுகிறான் என்பதால், சத்துப் பவுடர் கலந்து நாளொன்றுக்கு நான்கு தம்ளர் பால் கொடுக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்துள்ளது. வேறு பவுடர் வாங்கலாமா?

பதில்: பவுடரை மாற்றுவதால் பயனில்லை, பாலைக் குறையுங்கள். நான்கு தம்ளர் என்பது ஏறத்தாழ 800 மில்லி. அவ்வளவும் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் ஏது? பசும்பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு என்பதோடு, அதிலுள்ள கால்சியமும் கேசீன் என்னும் புரதமும், மற்ற உணவுகளிலிருந்து வரும் இரும்பையும் குடல் முழுமையாக உறிஞ்ச விடுவதில்லை. சோறு தின்னாததால் பால் கொடுப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது, பால் குடிப்பதால் அவன் சோறு தின்னாமல் இருப்பதுதான். நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிக்குள் நிறுத்தி, அதையும் சாப்பாட்டுக்குப் பின் தம்ளரில் கொடுங்கள். பவுடரின் உறையில் சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிராது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் ஆறேழு கிலோ கூடும் குழந்தை, இரண்டாம் வயதுக்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோதான் கூடும். ஆகவே பசி முன்போல் இல்லாதது இயல்பே. ஆனால் 9.4 என்பது இயல்பு அன்று. இந்த வயதில் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை எனக் கொள்வார்கள். இதை முருங்கைக்கீரையால் மட்டும் சரிசெய்ய முயன்று மாதங்களைக் கழிக்காதீர்கள். எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற கணக்கில் தினமும் இரும்புச்சத்து மருந்து கொடுப்பதே வழக்கமான சிகிச்சை. அளவையும் காலத்தையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது.

கேள்வி: கிராம சுகாதார செவிலியர் இலவசமாகக் கொடுத்த இரும்புச்சத்து சிரப்பைக் கொடுத்ததும் குழந்தைக்கு மலம் கருப்பாகப் போயிற்று, பல்லிலும் கறை படிந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கருக்கிறது, அது கேடில்லை. மருந்தை நாக்கின் பின்பகுதியில் விட்டு, உடனே தண்ணீர் கொடுத்தால் கறை அவ்வளவாகப் படியாது. படிந்த கறையும் நிலையானதன்று. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி, அதாவது 20 மில்லிகிராம் இரும்பு, என்பது தடுப்பு அளவு. முந்நூறு ரூபாய் டப்பாவை நம்புகிற நாம், இலவசமாக வருவதால் இதைச் சந்தேகிக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: பீட்ரூட் சாறு இரத்தம் ஊறச் செய்யுமா?

பதில்: அதன் சிவப்பு ஒரு தாவர நிறமி, இரும்பு அன்று. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஈரல், மீன், பயறு, கேழ்வரகு ஆகியவற்றைக் கொடுங்கள். பயற்றுடன் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்கக் குடலுக்கு உதவும். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம்.

கேள்வி: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் இரண்டு மாதக் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து எதற்கு?

பதில்: தாய்ப்பாலில் மிகக் குறைவாக இருக்கும் சத்துகளில் அதுவும் ஒன்று. முதல் ஆண்டில் நாளொன்றுக்கு 400 யூனிட் போதும். ஆனால் சில பாட்டில்களில் 1 மில்லியில் 400 யூனிட்டும், வேறு சிலவற்றில் 800 யூனிட்டும் இருக்கும். கடையில் பாட்டிலை மாற்றிக் கொடுத்தால், பழைய அளவையே ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பசி எடுக்க மருந்துக்கடையில் ஒரு டானிக் கொடுத்தார்கள். தொடரலாமா?

பதில்: உறையில் சைப்ரோஹெப்டடின் என்றிருந்தால், அது ஒவ்வாமைக்கான மருந்து, பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு, தூக்கக் கலக்கம் இன்னொன்று. மருத்துவர் எழுதித் தராமல் வேண்டாம்.

கேள்வி: நான் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரைகளை மூன்று வயது மகள் மிட்டாய் என எண்ணி விழுங்கிவிட்டாள், எத்தனை என்று தெரியவில்லை. ஒருமுறை வாந்தி எடுத்தபின் நன்றாக விளையாடுகிறாள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கக் கூடாது. இதைப் படிக்கும் நேரத்திலேயே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். இரும்பு நஞ்சாகும்போது, முதல் வாந்திக்குப் பின் குழந்தை சில மணி நேரம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றி, அதன்பின் கல்லீரல் பாதிக்கப்பட்டு நிலைமை மோசமாகலாம். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். மீதமுள்ள மாத்திரைகளை அட்டையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.