ஜனாதிபதி மேல் மரியாதை இல்லை என்று எழுதினால் கேஸ் வருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறேன். இளநீர் வியாபாரம். எங்கள் வியாபாரிகள் வாட்ஸ்ஆப் குழுவில், ஒரு மசோதாவுக்கு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதைப் பற்றி, "இனி இவர் மேல் எனக்கு மரியாதை இல்லை" என்று எழுதினேன். தெரிந்தவர் ஒருவர், "ஜனாதிபதியை மதிக்காதது தேசத்துரோகம். ஸ்டேஷனில் பேசி முடிக்கிறேன், எட்டாயிரம் ஆகும். முத்திரைத்தாளில் மன்னிப்பு எழுதி வருகிறேன், கையெழுத்துப் போடு" என்கிறார். சனிக்கிழமை வருகிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் படித்தாலும் சரி.

எங்கள் பக்கம் 'பிரசிடெண்ட்' என்றாலே பஞ்சாயத்து பிரசிடெண்ட்தான். டீக்கடையில் அவரைத் திட்டாத ஆள் கிடையாது, அதற்காக யாரும் எட்டாயிரம் கேட்பதில்லை. ராஷ்டிரபதி என்றதும் கை நடுங்குகிறது, அதில்தான் இந்த ஆட்களுக்குப் பிழைப்பு.

குடிமக்களின் கடமைகள் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் இருக்கின்றன. 1976-இல் 42ஆவது திருத்தத்தில் சேர்த்தார்கள். அரசியலமைப்பையும் அதன் நிறுவனங்களையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. பதவியில் உட்கார்ந்திருக்கும் ஆளை மனதார மதிக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. தேசிய கௌரவ அவமதிப்பைத் தடுக்கும் 1971 சட்டமும் கொடி, கீதம், அரசியலமைப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. கீதத்தைப் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது இதே கேரளத்தில்தான். 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. கீதத்துக்கே அவ்வளவுதான் என்றால், ஒருவர் மேல் மரியாதை இல்லை என்ற உங்கள் ஒரு வரி எந்த மூலைக்கு?

தேசத்துரோகம் என்று அவர் சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. நாட்டைப் பிரிக்கத் தூண்டுவது, ஆயுதக் கிளர்ச்சி, இந்த மாதிரி விஷயங்களுக்கானது. அரசின் நடவடிக்கை பிடிக்கவில்லை என்று சொல்வதற்கல்ல. அவதூறு என்பாரா? ஜனாதிபதியின் பதவிப் பணியைப் பற்றிய அவதூறு என்றால், மத்திய அரசின் அனுமதி வாங்கி, அரசு வக்கீல் செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்குள். தில்லியில் அனுமதி வாங்க வேண்டிய சமாச்சாரத்தை உங்கள் ஊர்க்காரர் எட்டாயிரத்தில் எப்படி முடிப்பார் என்று அவரையே கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டதற்காக ஜனாதிபதி மேல் கோபப்படுவதும் பாதி தப்பு என்பது என் எண்ணம். 74ஆவது பிரிவுப்படி அவர் அமைச்சரவை சொல்கிறபடி நடக்க வேண்டியவர். மசோதாவை ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். சரி, அது உங்கள் கருத்து.

இனி அந்த முத்திரைத்தாள். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. சில வருடம் முன்பு, உங்களைப் போலவே பயந்துபோன ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு தாளை என்னிடம் கொண்டு வந்தார். மலையாளத்தில் எழுதியிருந்தது. அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எழுதினவர் வாசித்துக் காட்டியிருக்கிறார். நடுவில் 'மனப்பூர்வம்' என்ற சொல் வந்ததும், மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்பதாகத்தானே எழுதியிருக்கிறது என்று இவர் தலையாட்டிவிட்டார். மலையாளத்தில் மனப்பூர்வம் என்றால் வேண்டுமென்றே என்று அர்த்தம். வேண்டுமென்றே அவமதித்தேன் என்று தானே ஒப்புக்கொண்டு, கீழே பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்! அதுவரை அவர் மேல் புகார்கூடக் கிடையாது. அதற்கப்புறம் அந்தத் தாளை வைத்துக்கொண்டே மாசாமாசம் காசு கேட்டார்கள். மன்னிப்புப் பத்திரம் கேஸைத் தடுக்காது. இல்லாத கேஸுக்குச் சாட்சியைத்தான் உண்டாக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிஜமாகவே பயப்படுங்கள். நீங்கள் எழுதியது ஒரு கையெழுத்தைப் பற்றி. அந்த வரிக்குக் கீழே குழுவில் வேறு யாராவது சாதியை, நிறத்தை, பழங்குடிப் பிறப்பைக் கிண்டல் செய்து படம் போட்டார்களா என்று இப்போதே பாருங்கள். 2022-இல் ஜனாதிபதியான திரௌபதி முர்மு சந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத ஒருவர் பொதுவெளியில் அப்படி இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். பெரிய பதவி என்பதால் அல்ல. மாடு மேய்க்கும் பழங்குடிப் பெண்ணைச் சொன்னாலும் இதே சட்டம்தான். அதன் 18ஆவது பிரிவு முன்ஜாமீனுக்கு இடம் தருவதில்லை. நூறு பேர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழு பொதுவெளியா இல்லையா என்று நான் வாதாடி முடிப்பதற்குள் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். ஃபார்வர்டுதானே செய்தேன் என்ற சமாதானமும் வேண்டாம். அப்படி ஏதாவது வந்தால் பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகூடப் போடாதீர்கள்.

உங்கள் ஆள் அடுத்து, ஆன்லைனில் எழுதுவதற்குக் கேஸ் போட உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்பார், இல்லை கேரள போலீஸ் சட்டம் 118 டி என்பார். இரண்டையும் 2015-இல் ஒரே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செத்த பிரிவில் வருடக்கணக்கில் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொண்டே இருந்தார்கள், 2022-இல் நிறுத்தச் சொல்லி மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. இந்த லட்சணத்தில் சாதாரண ஆள் புரோக்கரை நம்பாமல் யாரை நம்புவான்? மொழிக் கதையும் இதேதான். மொழிச் சிறுபான்மைப் பகுதி அரசு அலுவலகங்களில் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும் என்று 1969-இலேயே கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்லிவிட்டது. தமிழில் மனு நீட்டிப் பாருங்கள், ஏதோ நாம் அவர்களிடம் கடன் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, நீட்டுங்கள்.

சனிக்கிழமை அவர் வந்தால் வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண் என்று கேளுங்கள். போலீஸ் உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவதென்றால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிஜமான நோட்டீஸ் கைக்கு வந்தால் வக்கீலோடு போய்விடுங்கள், போகாமல் இருக்காதீர்கள். அவர் பணம் கேட்ட மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். கேஸ் வரும் என்று மிரட்டிப் பணம் பறிப்பது நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் குற்றம். முத்திரைத்தாளைக் கொண்டு வந்தால், படித்துப் பார்க்கிறேன் என்று போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.